ஆயிரமாவது நாள் படையல்

அன்று காலை பதினோரு மணிக்கு எங்கள் ஆலை முற்றத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். மேனேஜர் யோம். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து விருந்தாளியாக வந்த பியோ என்ற இளம் அதிகாரி. வாசல் காவலர் தோ. எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஆட்கள் அறுபத்திரண்டு பேர். என் தம்பி நம்குங் கிதே, அவன் மனைவி சுங்ரே, அவர்களுடைய ஒரே மகள் ஓக்பின். கடைசியாக நான், நம்குங் கிவோன்: உதிர்ப்புப் பிரிவின் மேஸ்திரி, நம்குங் குடும்பத்தின் மூத்தவன்.

இவர்களில் எவரும் பின்னொரு நாள் "எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை" என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஒலிபெருக்கி நன்றாகவே வேலை செய்தது.

தம்பியின் இருமலைப் பற்றிச் சென்ற வாரப் பகுதியில் சொன்னேன். காசநோய் என்று ஆலை மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைப் பதினான்கு மாதம் விழுங்கினான். எடை குறைந்தது, இருமல் குறையவில்லை. பெரிய மருத்துவமனையின் டாக்டரம்மா அவனுடைய எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது கிருமி இல்லைங்க, மணல்" என்றார். தூசி நோய்க்காரர்களுக்கான மருத்துவமனையில் ஒரு படுக்கை ஒதுக்கிவைக்கச் சொல்கிறேன், வரும் செவ்வாய் வரை காத்திருக்கும் என்றும் சொன்னார். அவன் தூசியில் வேலை செய்தவன் என்பதற்கு ஆலையிலிருந்து ஒரு சான்று கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான்.

மணல் என்று அவர் சொன்னது சரி. இரும்பைக் காய்ச்சி மணல் அச்சில் ஊற்றுவது எங்கள் தொழில். இறுகிய பிறகு அச்சுப் பெட்டியை அதிரும் மேடையில் ஏற்றி உதறுவோம். மணல் உதிர்ந்து வார்ப்பு வெளியே வரும். மேடையின் ஒரு பக்கம் நிற்பவனுக்கு மறுபக்கம் நிற்பவன் முகம் தெரியாது. அந்த இடத்தில் கிதே வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு பதினோரு வருடம் நின்றான்.

சனிக்கிழமைதோறும் ஆலைச் செலவில் பன்றியின் வயிற்றுக்கறி சுட்டுத் தருவார்கள். கொழுப்பு தொண்டைத் தூசியை வழித்துக்கொண்டு இறங்கிவிடும் என்பது இஞ்சோன் நகரத்து ஆலைக்காரர்கள் எல்லோருடைய நம்பிக்கை. என் நம்பிக்கையும் அதுவே. அதிகம் இருமுகிறவன் தட்டில் இரண்டு துண்டு கூடுதலாக வைக்கச் சொன்னவன் நான்.

சுங்ரேக்கு மட்டும் அந்த நம்பிக்கை கிடையாது. "பன்னிக்கறி நெஞ்சைக் கழுவும்னா கறிக்கடைக்காரர் நூறு வயசு இருக்கணுமே மாமா. எங்க தெருக் கறிக்கடைக்காரர் அம்பத்திரண்டுல போயிட்டாரு" என்பாள். எனக்குக் கோபம் வரும்.

படையல் நாள் வெள்ளிக்கிழமை. ஆலையில் விபத்தே நடக்காத நாட்களை வாசலில் ஒரு பச்சைப் பலகையில் எழுதிவைப்பது வழக்கம். அந்த எண் அன்று ஆயிரத்தைத் தொடுகிறது. பன்றித்தலை வைத்து, மண்ணின் தெய்வத்துக்கு மது ஊற்றி, இனியும் கேடு வராமலிருக்க வேண்டிக்கொள்ளும் சடங்கு. வேண்டுதலை எழுதுவதும் படிப்பதும் என் பொறுப்பு. ஆலையில் தூரிகை பிடித்து எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

காலை ஏழு மணிக்குக் கறுப்பு சூட் அணிந்து, சுருட்டிய வேண்டுதல் தாளோடு தம்பி வீட்டுக்குப் போனேன். படையலுக்குக் குடும்பத்தாரும் வரலாம் என்பதால் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகத் திட்டம்.

கிதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் அவனுக்கு மூச்சு முட்டும்.

"அண்ணே, சூட்டு எடுப்பா இருக்கு" என்றான். "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க. பொண்ணுதான் பன்னித்தலையாப் போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. சுங்ரே அவன் முதுகைத் தடவிக்கொண்டே எனக்கு முன்னால் முள்ளங்கிக் கீரை சூப்பை வைத்தாள்.

ஓக்பின் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தாள். அவளும் எங்கள் ஆலையில்தான், மணல் அச்சு செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறாள். வயது இருபத்துநான்கு.

"பெரியப்பா, நேத்து ஆபீஸ்ல குடுத்த சான்று. படிச்சுப் பாருங்க."

படித்தேன். நம்குங் கிதே. நிர்வாகப் பிரிவு. வேலை: வாசல் காவல். ஆறு வருடமாக. அதற்கு முந்தைய பதிவேடு எதுவும் ஆலையில் இல்லை.

"அப்பா ஒரு நாளாவது கேட்டுல நின்னிருக்காரா?" என்று கேட்டாள்.

"நின்னிருக்கான்" என்றேன்.

"எத்தனை நாள்?"

தாளை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"பின்னாடி சேர்த்திருக்கிற காவல் பட்டியல்ல இருக்கிற முத்திரை யாருதுன்னு பார்த்தீங்களா?"

பார்த்தேன். சிவப்பு மையில் என் பெயர். எங்கள் அப்பாவின் இறப்பைப் பதிவு செய்தபோது கையெழுத்துக்குப் பதிலாக நான் வைத்ததும் இதே முத்திரைதான்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். வருடத்துக்கு ஒரு முறை ஆலைக் காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறதென்று அளக்க ஆட்கள் வருவார்கள். அன்று உதறும் மேடையை நிறுத்திவிடுவோம். விடியற்காலையிலேயே தரையெல்லாம் தண்ணீர் தெளிப்போம். காற்றை உறிஞ்சும் சிறிய பெட்டியை உதிர்ப்பு ஆள் சட்டையில் மாட்ட வேண்டும். நாங்கள் ஸ்டோர் குமாஸ்தாவின் சட்டையில் மாட்டினோம். அது என் யோசனை. ஆறு வருடத்துக்கு முன்பு, அளக்க வந்தபோது, இருமுகிறவர்களை அந்த வாரம் மட்டும் வாசல் காவலுக்கு அனுப்பினோம். கேள்வி வரக்கூடாது என்பதற்காகக் காவல் பட்டியலில் ஐந்து பேரின் பெயரை ஏற்றி என் முத்திரையை வைத்தேன். அளந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். என் பிரிவுதான் ஆலையிலேயே சுத்தம் என்று பெயர் வந்தது. நானும் நிமிர்ந்து நடந்தேன்.

அடுத்த வாரம் அந்தப் பெயர்களை எடுத்திருக்க வேண்டும். மற்ற நால்வரின் பெயரை எடுத்தார்களா என்று நான் பார்க்கவில்லை. தம்பியின் பெயரை விட்டுவைக்கச் சொன்னது நான். கல்யாணத் தரகம்மா, பெண்ணின் அப்பா என்ன வேலை என்று கேட்பாள். "மணல் உதறுகிறான்" என்பதைவிட "நிர்வாகப் பிரிவு" என்பது நம்குங் குடும்பத்துக்குப் பொருத்தமாக இருந்தது. யோம் உடனே சம்மதித்தார். தூசியில் நிற்பவர்களுக்கு வருடா வருடம் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், காவலருக்கு வேண்டாம். அது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை.

"உன் கல்யாணத்துக்காகத்தான் செஞ்சேன்" என்றேன்.

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல பெரியப்பா" என்றாள் ஓக்பின். "அப்பாவுக்கு மூச்சுதான் போயிடுச்சு."

"ஏய், பெரியவங்ககிட்ட என்ன பேச்சு இது?" என்றான் கிதே. அதைச் சொல்லி முடிக்க அவன் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

சுங்ரே என் கையில் கரண்டியைக் கொடுத்தாள். "சூப் ஆறுது மாமா. சாப்பிடுங்க. ஆனா இங்கேருந்து எதுக்குப் போறீங்கங்கிறதை முடிவு பண்ணிட்டுச் சாப்பிடுங்க."

முழுக் கிண்ணத்தையும் குடித்தேன்.

ஒன்பதரை மணிக்கு யோமின் அறையில் இருந்தேன். என்னைவிடப் பதினேழு வயது சின்னவர். மேனேஜர் என்றாலும் என்னைக் கண்டால் எழுந்து நிற்கத் தவறியதில்லை. அன்றும் எழுந்தார்.

"வாங்க மேஸ்திரி ஐயா. எழுத்தெல்லாம் அமைஞ்சு வந்துச்சா?"

சான்றை அவர் மேசைமேல் வைத்தேன். "இது தப்பு. மாத்தி எழுதிக் குடுங்க."

அவர் அதைத் தொடவில்லை. "ஐயா, இன்னிக்கு ஆயிரமாவது நாள். ஆயிரம் நாளா இங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. விருந்தாளி வேற வர்றாரு. இன்னிக்குப் போய் இதையெல்லாம்..."

"ஜூலை மாசம் என் பிரிவு பேக்குக்கு ரெண்டு விரல் போச்சு."

"அது அவர் வீட்ல விறகு வெட்டும்போது போனது."

"அவன் வீட்ல எரியறது நிலக்கரி வில்லை. விறகு எங்கேருந்து வந்துச்சு?"

யோம் ஜன்னலைச் சாத்தினார். குரல் மாறியது, மரியாதை மாறவில்லை. "பேரை ஏத்தச் சொன்னது நாங்க. ஒத்துக்கிறேன். அப்படியே இருக்கட்டும்னு கேட்டது யாரு? நீங்க மறந்திருக்கலாம்."

"மறக்கல."

"பொய் முத்திரைன்னு கேஸ் வந்தா மேனேஜர் மாட்ட மாட்டார். முத்திரை வெச்சவர் மாட்டுவார். நம்குங் குடும்பத்து மூத்தவர் கைதுன்னு பத்திரிகையில வந்தா நல்லாவா இருக்கும்? ஓக்பினை யாரு கட்டிக்குவா?"

எங்கே தட்டினால் எனக்கு வலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வம்சப் பதிவேட்டில் இருபத்தாறு தலைமுறைகள் உண்டு. சிறை சென்றவர்கள் இரண்டு பேர். இருவரும் அரசனின் முகத்துக்கு நேரே உண்மை சொன்னதற்காகப் போனவர்கள். சிறு வயதில் அவர்கள் பெயரைச் சொல்லித்தான் எங்களுக்கு எழுத்துப் பழக்கினார்கள்.

"நான் ஜெயிலுக்குப் போனா பொய்க்காகப் போவேன்" என்றேன். "எங்க குடும்பத்துல அப்படிப் போற முதல் ஆளு நானாத்தான் இருப்பேன். கேவலம்தான். ஆனா அந்தப் பொய் என் தம்பி நெஞ்சு மேல இன்னும் உக்காந்திருக்கே, அது அதைவிடக் கேவலம்."

"படையல் முடியட்டும் ஐயா, பேசிக்கலாம்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

பதினோரு மணி. முற்றத்தில் மேசை. நடுவில் பன்றித்தலை, சுற்றிலும் அரிசிக் கேக், உலர்ந்த மீன், பழங்கள். பச்சைப் பலகையில் 1000 என்ற எண்ணைச் சுற்றிப் பூமாலை. ஓக்பின் அப்பாவுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து நிழலில் போட்டாள். யோம் மதுவை ஊற்றி மேசைமேல் வைத்து விழுந்து வணங்கினார். பிறகு என்னை அழைத்தார்கள்.

தாளைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினேன். மண்ணின் தெய்வத்தை அழைத்தேன். நாளையும் மாதத்தையும் சொன்னேன். நெருப்பும் இரும்பும் எங்களிடம் கருணையோடு நடந்துகொள்ள வேண்டும் என்றேன். அடுத்த வரி: "இன்றோடு ஆயிரம் நாட்களாக இங்கே எந்த மனிதனுக்கும் கேடு நேரவில்லை." நல்ல எழுத்து. மூன்று முறை எழுதிப் பார்த்து நான்காவது முறைதான் எனக்குத் திருப்தியானது.

படிப்பதை நிறுத்தினேன்.

"அடுத்த வரியை நான் படிக்கப் போறதில்ல" என்றேன். "எழுதினது நான்தான். அது பொய். எங்க குடும்பத்துல படையல் முன்னாடி யாரும் பொய் படிச்சதில்ல."

தாளைச் சுருட்டினேன்.

"நாற்காலியில உக்காந்திருக்கிறவன் என் தம்பி கிதே. பதினோரு வருஷம் என் பிரிவுல, உதறுற மேடைகிட்ட நின்னவன். அவன் வாசல் காவல்னு எழுதின பட்டியல்ல முத்திரை வெச்சது நான். அளக்க வர்ற அன்னிக்கு மேடையை நிறுத்தினது நான். தண்ணி தெளிக்கச் சொன்னது நான். பெட்டியைக் குமாஸ்தா சட்டையில மாட்டினதும் நான்தான்."

"மைக்கை அணைங்க" என்றார் யோம்.

மைக்கின் விசைக்குப் பக்கத்தில் நின்றவர் காவலர் தோ. அவர் அசையாமல் பன்றித்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோ ஐயா" என்று கேட்டேன், "ஆறு வருஷமா என் தம்பி உங்ககூடக் காவல்ல இருந்தானா?"

"காவலறையில இருக்கிறது ஒரே நாற்காலி மேஸ்திரி" என்றார். "அதுல ஆறு வருஷமா நான்தான் உக்காந்திருக்கேன். வேற யாராவது என் மடியில உக்காந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

யாரோ சிரித்தார்கள். யோமே போய் விசையை அணைத்தார். அதனாலென்ன, முப்பத்தொரு வருடம் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தி வேலை வாங்கிய குரல் இது. தூசி அளந்த வாரத்தில் காவலுக்கு அனுப்பிய மற்ற நால்வரின் பெயரையும் மைக் இல்லாமலே சொன்னேன். பேக்கின் இரண்டு விரல்களையும் சொன்னேன்.

அதிகாரி பியோ அதுவரை கையில் வைத்திருந்த கேக்கைக் கீழே வைத்தார். "இதையெல்லாம் சாட்சியா எழுதிக் குடுப்பீங்களா ஐயா?"

"இப்பவே."

ஓக்பின் வெள்ளைத் தாளும் மைப்பெட்டியும் கொண்டுவந்தாள். அவள் அவற்றைக் காலையிலேயே பையில் வைத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழங்களைத் தள்ளிவைத்துவிட்டுப் படையல் மேசைமேலேயே எழுதினேன். முத்திரையை எடுத்தேன்.

கிதே எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்தான். "கை நடுங்குதா அண்ணே?"

"இல்ல."

"எனக்கு நடுங்குது. அதான் கேட்டேன்."

முத்திரை நேராக விழுந்தது. ஒரு கோடும் கலையவில்லை.

பியோ அதைப் படித்தார். "ஆலை சான்றை மாத்தித் தரலைன்னா, கூட வேலை செஞ்சவங்க ரெண்டு பேர் சாட்சி போதும். ஒண்ணு கிடைச்சிருச்சு. அதே பிரிவுல இருந்து இன்னொருத்தர் வேணும். செவ்வாய்க்கிழமைக்குள்ள." பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "இங்க இருக்கிறவங்கள்ல யாராவது...?"

அறுபத்திரண்டு பேரில் யாரும் பேசவில்லை. ஆனால் இருமினார்கள். முதலில் வலப்பக்கம் ஒருவன், பிறகு பின்வரிசையில் இரண்டு பேர், பிறகு எண்ண முடியவில்லை. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, வீடு தேடி வந்து கேள்வி கேட்கும் தரகம்மா இருக்கிறாள்.

ஒரு மணிக்கு என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருப்பதாகத் தாள் வந்தது. திங்கட்கிழமை காலை நேரில் வரும்படி ஓக்பினுக்கும் ஒரு தாள். அவள் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டாள். "திங்கக்கிழமைதானே? இன்னும் மூணு நாள் இருக்கு. வாங்க பெரியப்பா, பேக் அண்ணனைப் பார்க்கலாம்."

பேக்கும் என் பிரிவுக்காரன்தான். இரண்டு விரல் போன பிறகு வேலைக்கு வருவதில்லை. மூன்று மணிக்கு அவன் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவன் மனைவி கதவை முகம் தெரியுமளவுக்குத் திறந்தாள்.

"அவர் ஊர்ல இல்லைங்க."

"எப்ப வருவார்?"

"தெரியாதுங்க."

அவனுடைய காலணிகள் அவள் காலருகே இருந்தன. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தாமல் நின்றாள்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வர்றோம்" என்றேன். உள்ளே இருப்பவனுக்கும் கேட்கும்படி சொன்னேன். "நாளைக்கு இல்லேன்னா ஞாயித்துக்கிழமை. அப்புறம் திங்கக்கிழமை. செவ்வாய்க்கிழமை வரைக்கும் எனக்கு வேற வேலை கிடையாது."

தெரு முனையில் சுங்ரே எங்களுக்காக நின்றிருந்தாள். மீன் சந்தைக்குப் போய்த் திரும்பியிருந்தாள். கூடையில் மீன் இல்லை.

"மாமா, சந்தை முழுக்க ஒரே பேச்சா இருக்கு. யோமோட ஆளுங்க சொல்லிக்கிட்டு அலையறாங்க. அந்த ஆபீசர்கிட்டயும் போன்ல சொல்லிட்டாங்களாம்."

"என்னன்னு?"

அவள் தயங்கினாள். பிறகு சொன்னாள்.

நம்குங் கிவோன் படையல் மதுவைக் குடித்துவிட்டுப் போதையில் உளறினார், அதனால் அந்த முத்திரை செல்லாது என்பது பேச்சு. அது உண்மையல்ல. படையல் மதுவை வேண்டுதல் படித்து முடித்த பிறகுதான் பருகுவோம். நான் படித்து முடிக்கவில்லை.